பொறியாளர் வேலையும் கைக்குழந்தையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு குழந்தை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அக்கறைக் குறைவால் வருவதில்லை. வாய்விட்டுக் கேட்காமலும் முன்கூட்டிப் பேசி வைக்காமலும் விடுவதால்தான் வருகின்றன.

மாலை நேரக் கூட்டங்களையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் குழுவுடன் சேர்ந்து வேலை பார்ப்பவருக்கு, அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் கூட்டம் கோடையில் சென்னை நேரப்படி இரவு 7.30க்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதும், யாரும் எதுவும் சொல்லாமலே அது 8.30க்கு நகர்ந்து, குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்ச் வரை அப்படியே நீடிக்கும். கூட்டத்தை அவர்களின் காலை 9 மணிக்கு மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் கேட்பதற்கு நான் ஒரு குளிர்காலம் முழுவதும் தயங்கினேன். இயர்போனை எடுத்துக் காதில் செருகியதுமே என் மகள் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கண்ட பிறகுதான் கேட்டேன். மறுவாரமே நேரம் மாறியது.

மகப்பேறு விடுப்பு விதிகளைக் காலம் கடந்து தெரிந்துகொள்வது அடுத்த தவறு. மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரங்கள் வரைதான். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாட்களாவது பணியாற்றியிருக்க வேண்டும் என்பதால், கருவுற்ற நிலையில் வேலை மாறுபவர்கள் நாட்களை எண்ணிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும்; தாய் நாளுக்கு 4 முறை அங்கே சென்று வரலாம். விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து பணிபுரிவது இரு தரப்பும் பேசி முடிவு செய்வது என்பதால், விடுப்பில் போகும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தந்தையர் செய்யும் தவறு வேறு வகை. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தர வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. நிறுவனம் மனமுவந்து தரும் சில நாட்களையும் பிரசவ வாரத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போயிருந்தால், அந்த வாரத்தில் அவரைச் சுற்றி ஆட்களுக்குக் குறைவிருக்காது. உண்மையான நெருக்கடி, அவர் திரும்பி வந்து மீண்டும் வேலையில் சேரும் முதல் இரண்டு வாரங்களில்தான் வரும். பாதி நாட்களையாவது அதற்கென மிச்சம் பிடித்து வைக்க வேண்டும்.

பாட்டி பார்த்துக்கொள்வார் என்று நாமே தீர்மானித்துவிடுவதும் தவறு. அவருடைய மூட்டுவலியையும் விருப்பத்தையும் கேட்டறிந்த பிறகே திட்டமிட வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்று கணவர் சொல்வது. அப்படிச் சொல்லும்போது, நினைவில் வைத்திருக்கும் வேலை முழுவதும் மனைவியின் தலையில் விழுகிறது. தடுப்பூசி அட்டையை ஒருவர் பொறுப்பேற்றால், 6, 10, 14ஆம் வாரங்களையும் 9ஆம் மாதத்தையும் தம் நாட்காட்டியில் குறித்துக்கொள்வது, அன்று விடுப்புச் சொல்லிக் குழந்தையைத் தூக்கிச் செல்வது, இரவு காய்ச்சல் கண்டால் விழித்திருப்பது எல்லாமே அவருடையதாக இருக்க வேண்டும்.