மருந்தடிக்கும் முன் கீற்றைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். இந்த வருஷம்தான் தோப்பைக் கையில் எடுத்த தம்பி, மருந்தைக் கலந்து வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருந்தார். "ஓலையெல்லாம் கருத்துப்போச்சுங்ணா, இன்னைக்கு அடிச்சே ஆகணும்" என்றார். 2017-இல் நான் சொன்ன அதே வார்த்தை. ஓலையைக் கருக்க வைக்கும் சுருள் வெள்ளை ஈயையும், அதைத் தின்னும் குட்டிக் குளவியையும் கையாள்வதில் நாம் செய்யும் பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன். சின்னச் சின்னத் தவறுகளை விடுங்கள், அவை தானாகவே பிடிபட்டுவிடும்.

குளவி வேலை செய்யும்போது மருந்தடிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி, பொள்ளாச்சி வட்டாரத்தில் 2016-இல் தென்பட்டது. அதன் எதிரியான என்கார்சியா குளவியும், யாரும் வரவழைக்காமலே இங்கே இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆளைக் கொட்டாது. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், உள்ளே வளரும் புழு அதைத் தின்று தீர்க்கும், மிஞ்சும் குஞ்சின் கூடு கருப்பாகிவிடும்.

தம்பியின் தோப்பில் அடிமட்டைக் கீற்று ஒன்றைத் திருப்பி லென்ஸைக் கொடுத்தேன். வெள்ளை மெழுகுச் சுருளுக்கு நடுவே வெளிறிய கூடுகள், அவற்றுக்கிடையே கருப்புக் கூடுகள், சிலவற்றில் குளவி வெளியேறிய வட்டமான ஓட்டை. அதாவது வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நான் அன்று இப்படித் திருப்பிப் பார்க்காமல், கடையில் சொன்னதைக் கேட்டு இரண்டு மாதத்தில் மூன்று முறை அடித்தேன். ஈ கீற்றின் அடிப்பக்கம் மெழுகுக்குள் பத்திரமாக இருக்கிறது, நாற்பது அடி உயரத்தில் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. கூடு தேடிக் கீற்றெல்லாம் நடந்து திரியும் குளவிதான் முதலில் சாகும். பத்து நாள் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசமாக ஏறியது, தடுக்கத் தோப்பில் குளவி இல்லை.

கரும்பூசணத்தைப் பார்த்துப் பயப்படுவது

ஓலை கருப்பாகத் தெரிவது இந்தப் பூசணத்தால்தான். அது ஓலையைத் தின்பதில்லை, ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் வளர்கிறது. லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்து மேல்பக்கம் தெளித்தால், காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும். பூச்சிமருந்துக்கு இங்கே வேலையே இல்லை.

காலிக் கூட்டைக் கட்டுவது

குளவி இல்லாத தோப்புக்கு வேறு தோப்பிலிருந்து கீற்றுத் துண்டு வெட்டி வந்து மரத்தில் கட்டுவது நல்ல வழிதான். ஆனால் கருப்பாக இருந்தால் போதும் என்று அள்ளி வருகிறார்கள். பெரும்பாலான கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் குளவி போய்விட்டது என்று அர்த்தம், ஓட்டை இல்லாத கருப்புக் கூடுதான் வேண்டும். மருந்தடித்த தோப்பிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தத் துண்டில் உயிருள்ள ஈக்குஞ்சும் இருக்கும், அதனால் ஈ வராத தோப்புக்குக் கொண்டு போகாதீர்கள்.

கட்டிய மரத்திலேயே மஞ்சள் ஒட்டுப்பொறி

ஈயைப் பிடிக்க வைக்கும் இந்தப் பசை தடவிய மஞ்சள் அட்டையில் குளவியும் ஒட்டிக்கொள்ளும். தள்ளி வையுங்கள்.

பத்தே நாளில் பலன் தேடுவது

தேடாதீர்கள், மாதக்கணக்கு ஆகும். வாரம் ஒருமுறை அதே மரத்தில் ஒரு கீற்றைத் திருப்பி, கருப்புக் கூடு எத்தனை, வெளிறியது எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். தம்பி அன்று இருபத்தைந்து மரத்தில் எண்ணி எழுதினார். கலந்த மருந்து டேங்கிலேயே இருந்தது.