டர்போ காரில் ஈ85 ஊற்றும் முன்

அமெரிக்காவில் மக்காச்சோளம் விளையும் அயோவா, மினசோட்டா பக்கம் ஈ85, அதாவது எத்தனாலும் பெட்ரோலும் கலந்த எரிபொருள், கிடைக்கும் பங்க்குகள் நிறைய உண்டு. எத்தனால் ஆவியாகும்போது, உள்ளே வரும் காற்றின் சூட்டைப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக்கொள்ளும். நாக்கிங்கையும், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவதையும், நன்றாகத் தாங்கும். அதனால் டர்போ உள்ளே திணிக்கும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் கூட்டலாம், தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும் முன்னே தள்ளலாம். சுபாரு எஸ்டிஐ போன்ற டர்போ கார் வைத்திருப்பவர்கள் இதைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆனால் ஈ85-ஐ வீரியம் கூடிய பெட்ரோல் என்று நினைத்து ட்யூன் செய்தால் நல்ல இன்ஜின் ஒன்று வீணாகிவிடும்.

நான் முதலில் சொல்ல விரும்பும் தவறு, பம்ப்பில் எழுதியிருக்கும் 85 என்ற எண்ணை நம்புவது. அந்நாட்டு விதிப்படி ஈ85 என்று விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாகாது, வண்டி கிளம்பாது என்பதால் குளிர்காலத்தில் பெட்ரோலை அதிகம் கலப்பார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். ஜனவரியில் 55 சதவீத எரிபொருளை வைத்து, முழு ஆக்ஸிலரேட்டரில் லாம்டா 0.80 வருமாறு ட்யூன் செய்கிறீர்கள் (லாம்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் சரியான அளவு, அதற்குக் கீழே போனால் எரிபொருள் அதிகம்). ஜூன் மாதம் அதே பங்க்கில் 80 சதவீதம் வருகிறது. இன்ஜெக்டர் ஊற்றும் அளவு மாறவில்லை, தேவை மட்டும் கூடிவிட்டது. லாம்டா 0.90 பக்கம் போய்விடும். முழு பூஸ்ட்டில் அது ஆபத்தான அளவு.

இதற்கு மருந்து அளந்து பார்ப்பதுதான். அளவுக்கோடு போட்ட குழாயில் 10 மில்லி தண்ணீர், 100 மில்லி எரிபொருள் ஊற்றிக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 90 மில்லிக்கு வந்தால் எத்தனால் தோராயமாக 80 சதவீதம். இதைவிட நல்லது ஃபிளெக்ஸ் பியூயல் சென்சார். எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் என்று இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈசியூவும் அதற்கேற்ப ஊற்றும் அளவு, டைமிங், பூஸ்ட் மூன்றையும் மாற்றிக்கொள்ளும். குதிரைத்திறனுக்குச் செலவு செய்வதற்கு முன் இந்த சென்சாருக்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது எரிபொருள் வரத்து. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், ஈ85-க்கு ஏறக்குறைய 9.8 போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு எடைக் கணக்கில் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டரை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பழைய பம்ப்பையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பம்ப்பை மாற்றுகிறவர்களும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கையே பார்க்கிறார்கள். அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அந்த அழுத்தத்தில் அது எவ்வளவு தரும் என்பதுதான் கணக்கு. பம்ப்புக்குப் போகும் ஒயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் குறைந்து வரத்து இன்னும் சரியும்.

சரி, மீட்டர் குழப்பத்துக்கு வருவோம். காற்று, எரிபொருள் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்ட் மீட்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோல் கணக்கில்தான் எண்ணைக் காட்டும். எந்த எரிபொருளானாலும் லாம்டா 1 என்றால் திரையில் 14.7. ஈ85-க்கு 9.8 என்று எங்கோ படித்துவிட்டு அந்தத் திரையில் 9.8-ஐத் துரத்தினால் லாம்டா 0.67 ஆகிவிடும். அவ்வளவு எரிபொருள் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இன்ஜினை உடைக்கும் தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டைமிங்கைத்தான் சொல்வேன். பெட்ரோலில் டைமிங் அதிகமானால் நாக்கிங் வந்து எச்சரிக்கும். எத்தனாலில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது. நாக்கிங் இல்லையே என்று இன்னும் ஒரு டிகிரி, இன்னும் ஒரு டிகிரி என்று ஏற்றிக்கொண்டே போனால், டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) கூடுவது நின்ற பிறகும் சிலிண்டருக்குள் அழுத்தம் மட்டும் ஏறும். ஒரு சத்தமும் இல்லாமல் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். எஸ்டிஐயின் ஈஜே257 இன்ஜினில் பிஸ்டன் ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள விளிம்பு ஏற்கெனவே பலவீனமானது. வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் கூடாத இடத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு டிகிரி பின்னால் வாருங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட்டைக் கொட்டாதீர்கள். ராட் வளைவது பெரும்பாலும் அங்கேதான்.

நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய இன்ஜின்களில் உயர் அழுத்த பம்ப்பின் எல்லை சீக்கிரம் வந்துவிடும். அதனால் 30 சதவீதம்போலக் கலந்து ஓட்டுவார்கள். அமெரிக்காவில் சாதாரண பெட்ரோலிலேயே 10 சதவீதம் எத்தனால் இருப்பதைக் கலக்கும்போது மறந்துவிடக் கூடாது.

அப்புறம், டைனோவில் சூடான இன்ஜினோடு வேலையை முடித்துவிட்டு, காலைக் குளிரில் கிளப்பும் பகுதியை அப்படியே விட்டுவிடுவது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சீக்கிரம் ஆவியாகும் பகுதி பெட்ரோலில் இருப்பதுபோல அதில் இல்லை. கிளப்பும்போது ஊற்றும் அளவை ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்ட இன்ஜினில்தான் சரிபார்க்க முடியும். குளிரில் சின்னச் சின்ன ஓட்டங்களாக ஓட்டினால் எரிபொருள் ஆயிலில் கலக்கும். ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் முழுக்க வண்டியை மூடி வைப்பதானால், டேங்கைக் காலி செய்து பெட்ரோல் ஊற்றி, அது இன்ஜெக்டர் வரை போகும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.