விதிவிலக்கு கேட்கும் விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

உடல்நலக் குறைவாலோ குடும்பத்தில் நேர்ந்த இழப்பாலோ பல்கலைக்கழகத்தில் தேர்வை ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்கும்போது, மனத்தை உருக்கும்படி எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு பார்ப்பது தேதிகளை. "சில மாதங்களாகவே சிரமம்" என்று எழுதுவதால் பயனில்லை. 5 முதல் 9 வரை மருத்துவமனை, 8ஆம் தேதி தேர்வு என்று இரண்டும் மோதும் இடத்தைக் காட்டுங்கள். ஒரு பக்கம் போதும்.

அதிகம் கவிழ்ப்பது மருத்துவச் சான்றிதழ்தான். குணமான பின் மருத்துவரிடம் போனால், "நோயாளி சொன்னபடி" என்று மட்டுமே அவரால் எழுத முடியும். அதற்கு மதிப்பு குறைவு. படுத்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரியும் போதாது. பரிசோதித்த நாள், எந்த நாள் முதல் எந்த நாள் வரை பாதிப்பு, அதனால் எதைச் செய்ய முடியவில்லை (நெடுநேரம் உட்கார, எழுத, கவனம் செலுத்த), மருத்துவரின் கையொப்பம், பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். நோயின் பெயரை வெளியிட விருப்பமில்லையென்றால், அது கட்டாயமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் பாதிப்பின் விவரமே போதும். தேதியைத் திருத்திய சான்றிதழ் கொடுத்தால் விஷயம் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போய்விடும்.

'எப்படியாவது எழுதிப் பார்ப்போம்' என்று காய்ச்சலோடு தேர்வறைக்குள் போவதும் ஆபத்து. சில பல்கலைக்கழகங்களில், உள்ளே உட்கார்ந்தாலே தேர்வெழுதத் தகுதியாக இருந்தீர்கள் என்று பொருள். பாதியில் முடியாமல் போனால், கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். மதிப்பெண் வந்த பிறகு முறையிட்டால் சந்தேகம்தான் எழும்.

அசைன்மென்டுக்கு அவகாசம் பெரும்பாலும் ஆசிரியரே தருவார். இறுதித் தேர்வு அவர் கையில் இருக்காது. அவர் வாய்வார்த்தையாகச் "சரி" என்றதை நம்பிக் கடைசி நாளைத் தவற விட்டவர்கள் உண்டு. சொன்னதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"ஏதாவது உதவுங்கள்" என்று கேட்காதீர்கள். மாற்றுத் தேர்வா, 10 நாள் அவகாசமா, பாடத்திலிருந்து விலகலா? ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விலகல் என்றால், உதவித்தொகைக்கும் விசாவுக்கும் தேவையான குறைந்தபட்சப் பாடச்சுமை குறைகிறதா என்று முன்பே பாருங்கள். பதில் வரும்வரை, முடிந்தால் வகுப்புக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

மறுத்துவிட்டால் அதே கடிதத்தை இன்னும் உருக்கமாக எழுதி அனுப்பிப் பலனில்லை. மேல்முறையீட்டில் பொதுவாக எடுபடுவது இரண்டு: முன்பு கொடுக்க இயலாதிருந்த புதிய ஆவணம், அல்லது நடைமுறையில் நேர்ந்த பிழை. அதற்கும் கெடு உண்டு. மறுப்புக் கடிதத்திலேயே தேடுங்கள்.