தில்லியில் சர்க்கரை நோயாளிகள் நரம்புகளைக் காத்துக்கொள்வது எப்படி

சர்க்கரை நோய் என்றதும் சோற்றின் அளவையும் இனிப்பையும் பற்றியே பேசிப் பழகிவிட்ட நாம், சுவாசிக்கும் காற்றையும் கால் படும் தரையையும் கணக்கில் கொள்வதில்லை. தில்லித் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் அவசியம். சென்னையிலும் தில்லியிலும் 2010 முதல் 2017 வரை பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2023இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றில் பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுவதாகக் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம் மட்டுமே. தில்லியின் சராசரி அதைப் போலப் பல மடங்கு.

எனவே நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலை நடையைக் கைவிடுங்கள். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகையும் அப்போது தாழ்வாகவே நிற்கும். வெயில் ஏறிய பிறகு நடப்பது மேல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டியிருந்தால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். நடையை அடியோடு நிறுத்துவது சர்க்கரையைக் கூட்டிவிடும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள்; துணிக் கவசம் இந்த நுண்துகள்களுக்குப் போதாது.

குளிர்காலத்தில் இதைவிடவும் அதிகமாக நான் கவலைப்படுவது ரூம் ஹீட்டரைப் பற்றித்தான். பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாதங்கள் முதலில் எரியும், ஊசி குத்துவது போலிருக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்த கால் சூட்டை உணராது. கணகணப்பு வேண்டும் என்று ஹீட்டருக்கு அருகே நீட்டிய கால் கொப்புளித்த பிறகே கண்ணில் படும், அந்தப் புண் ஆறுவதும் கடினம். ஆகவே கால்களுக்குக் கம்பளிக் காலுறை போதும். வெந்நீர்ப் பையைப் படுக்கும் முன் மெத்தையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். கால் கழுவும் நீரின் சூட்டை, உணர்ச்சி குறையாத வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு எரிப்பது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும் என்பதால், யாருக்கும் ஆகாது.

கோடையில் ஆபத்து தரையிலிருந்து வருகிறது. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், வெயில் ஏறிய கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றாமல், காலையிலோ மாலையிலோ போவதும் தடித்த பருத்திக் காலுறை அணிவதும் நல்லது. முருகனுக்கு அதில் குறையொன்றும் இராது. வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள்.

எல்லா நரம்புப் பாதிப்புக்கும் சர்க்கரையே காரணமன்று. செருப்பு, தோல் வேலைகளில் பயன்படும் சில பசைகளில் உள்ள ஹெக்சேன் ஆவி கை கால் நரம்புகளை வலுவிழக்கச் செய்யும். வேலையை விட்ட பிறகும் சில மாதங்கள் அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டே போகலாம். பழைய பேட்டரிகளை உடைக்கும் இடங்களில் ஈயத் தூசு படிந்து மணிக்கட்டு தளர்ந்து தொங்குவதும் உண்டு. இத்தகைய வேலை செய்பவர்கள் காற்றோட்டமான இடத்தில் அமர வேண்டும், கை கழுவாமல் உண்ணக் கூடாது, வேலை உடையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் தொழிலையும் குடியிருக்கும் இடத்தையும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் வகை நோயாளிகளுக்கு, நோய் தெரிந்த நாளிலிருந்து ஆண்டுக்கொருமுறை, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாத உணர்ச்சியைச் சோதிப்பது முறை. செய்யாமல் விட்டால் கேட்டுப் பெறுங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை உண்பவர்கள், குறிப்பாகச் சைவ உணவினர், வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் குறைவாலும் கால் மரக்கும், அதற்குத் தனி மருந்தும் உண்டு.