வைஃபை டொங்கிள் நின்றுவிட்டதா? கடைக்குக் கொண்டுபோக முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் பல வீடுகளில் இருக்கிற டெஸ்க்டொப், வெளிநாட்டு அலுவலகம் ஏதோ ஒன்றில் பாவித்துக் கழித்த பெட்டிதான். அங்கே கேபிள் குத்தியே வேலை நடந்ததால் அநேகமாக உள்ளே வைஃபை இருக்காது. கடைக்காரர் நகத்தளவு யூஎஸ்பி டொங்கிள் ஒன்றைச் செருகிக் கையில் தந்துவிடுவார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள், பிள்ளையின் சூம் வகுப்பு நடக்கும்போது பார்த்து நின்றுவிடும்.

உடனே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். பழுது வெளியிலிருந்து வரும் லைனில் இருக்கலாம், ரவுட்டரில் இருக்கலாம், இல்லாவிட்டால் கொம்பியூட்டரின் வைஃபை அடாப்டரில், அதாவது இந்த டொங்கிளில் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் எதிலும் கைவைக்க வேண்டாம். நான் இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: போனை வைத்துப் பாருங்கள்

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இதை மறந்தால் போன் உங்களை ஏமாற்றிவிடும். வீட்டு வைஃபையில் இணைத்து, கொம்பியூட்டர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

போனிலும் வரவில்லை என்றால் கொம்பியூட்டரில் குற்றம் இல்லை. ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கையும் லைன் வயரையும் கழற்றி வைப்பது நம்மூர்ப் பழக்கம். திரும்பக் குத்தும்போது லைன் வயர் சரியாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் இணைப்புத் தந்தவர்களுக்குப் போன் போடுவதுதான் வழி.

போனில் வருகிறது, கொம்பியூட்டரில் மட்டும் இல்லை என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

படி 2: ரீஸ்டார்ட்

'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்பப் போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருப்பதால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. டிரைவரின் (சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) பழைய நிலையை அப்படியே வைத்திருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதோடு, திரையின் வலது கீழ்மூலையில் ஏரோப்ளேன் மோட் தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். லேப்டொப் என்றால் விசைப்பலகையில் வைஃபைக்கென ஒரு விசை இருக்கலாம். கை பட்டு அணைந்திருக்கும்.

படி 3: டொங்கிளைக் கழற்றிப் பாருங்கள்

நம்மூருக்கு இந்தப் படி முக்கியம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வீடு என்றால் காற்றில் வரும் உப்பும் ஈரமும் உலோகத்தைச் சும்மா விடாது. கொம்பியூட்டரை அணைத்து டொங்கிளை வெளியே எடுங்கள். பொன்னிறத் தகடுகள் மங்கியோ பச்சை படிந்தோ இருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் இருந்தால் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், ஈரத்துணி அறவே வேண்டாம்.

அப்புறம் வேறொரு துளையில் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாக அல்ல, நேரடியாகப் பெட்டியில். நீல நிறத் துளை அநேகமாக யூஎஸ்பி 3.0. அதில் எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் வைஃபை பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். பக்கத்துத் துளையில் உள்ள டொங்கிள் தடுமாறும். கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள்.

பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? டொங்கிளுக்கு ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் சீமெந்து. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்சி வயர் வாங்கி டொங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து வையுங்கள். புது டொங்கிள் வாங்குவதைவிட இது மலிவு, பல வீடுகளில் இதுவே போதும்.

படி 4: டிவைஸ் மெனேஜர்

ஸ்டார்ட் பட்டனில் மவுசின் வலதுபக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மெனேஜர்' இருக்கும். அதைத் திறந்து 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். வயர்லெஸ், வைஃபை, 802.11 என்று ஏதாவது எழுதிய பெயர் உங்கள் டொங்கிளுடையது.

பெயரில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்துவிட்டார்கள். வலது க்ளிக் செய்து 'எனேபல் டிவைஸ்' கொடுத்தால் சரி. மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெயரை இரண்டு தரம் தட்டித் திறந்து, அங்கே எழுதியிருக்கும் கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் சாதனம் தொடங்க முடியாமல் நிற்கிறது. டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். 43 வந்தால் சாதனமே ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டதாக விண்டோஸ் நிறுத்திவிட்டது. துளை மாற்றி, டிரைவர் மாற்றியும் அதே 43 வந்தால் டொங்கிள் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயரே இல்லையா? 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

படி 5: டிரைவர்

நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி வயரால் கொம்பியூட்டரில் இணைத்து, அன்ட்ரொய்ட் போனின் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். நெட் வந்துவிடும். போனை வைஃபையில் விட்டால் உங்கள் டேட்டா பக்கேஜும் செலவாகாது.

முதலில் டிவைஸ் மெனேஜரில் அந்தப் பெயரை வலது க்ளிக் செய்து 'அன்இன்ஸ்டோல் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸ் தானே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டால் நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட்டுக்குள் 'ஒப்ஷனல் அப்டேட்ஸ்' என்பதில் தேடுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் பழுது தொடங்கியது என்றால், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அது பழைய டிரைவருக்குத் திரும்பும்.

சில மலிவு டொங்கிள்கள் செருகியவுடன் வைஃபையாகத் தெரியாமல் சிடி டிரைவ் போலத் தெரியும். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து இன்ஸ்டோல் செய்தால் பிறகு வைஃபையாக மாறும். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும் என்று விளம்பரம் போடும் மென்பொருள்களை மட்டும் இறக்க வேண்டாம். வருகிறது டிரைவரா வேறேதாவதா என்று தெரியாது.

படி 6: இடையிடையே அறுந்தால்

டிவைஸ் மெனேஜரில் அடாப்டரைத் திறந்து 'பவர் மெனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற முதல் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

படி 7: பெயர் தெரிகிறது, இணையவில்லை

பாஸ்வேர்ட் மாற்றியிருந்தால் பழையதை விண்டோஸ் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த வைஃபையின் பெயரில் 'ஃபர்கெட்' கொடுத்துப் புதிதாக இணையுங்கள். புது ரவுட்டர் என்றால், அது டபிள்யூபிஏ3 பாதுகாப்பை மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். பழைய டொங்கிளுக்கு அது புரியாது. ரவுட்டர் செட்டிங்கில் டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்ததைத் தேர்ந்தால் போதும்.

போனில் தெரியும் வைஃபை பெயரே கொம்பியூட்டரில் தெரியவில்லை என்றால், ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறதா, 2.4 இல் சானல் 12 அல்லது 13 இல் நிற்கிறதா என்று பாருங்கள். நகத்தளவு டொங்கிள்கள் பல 2.4 மட்டும்தான் பிடிக்கும், சில 11க்கு மேலே போகாது. 1, 6, 11 இல் ஒன்றை வைப்பதே நல்லது.

படி 8: இணைந்திருக்கிறது, இன்டர்நெட் இல்லை

வைஃபை பெயரின் விபரப் பக்கத்தில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுத் திரும்ப இணையுங்கள்.

முகவரி சரி, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். பாவித்த பெட்டிகளில் மதர்போர்டின் நாணய வடிவ பற்றரி தீர்ந்து, கரண்ட் போய்வந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ் அந்தத் திகதிக்குச் செல்லாது. திகதியைத் திருத்தினால் நெட் வரும். பெரும்பாலும் சிஆர்2032 பற்றரிதான், மாற்றினால் இந்தப் பழுது திரும்ப வராது.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்

கடைசியாக 'நெட்வொர்க் ரீசெட்'. விண்டோஸ் 11 இல் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்ட்' பகுதியில், 10 இல் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில் இருக்கும். சேமித்த வைஃபை பாஸ்வேர்ட் எல்லாம் அழியும். முதலில் எழுதி வையுங்கள்.

புதிது வாங்குவதானால் 2.4, 5 இரண்டையும் பிடிப்பதாக, வெளியே அன்டெனா உள்ளதாகக் கேளுங்கள். கடையிலேயே செருகி, டிரைவர் ஏறி, வைஃபை பெயர்கள் வருகிறதைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.