மாரடைப்புக்குப் பின் சோடியம் குறைந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பில் சேர்த்து இரண்டாம் நாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘சோடியம் 128’ என்று இருக்கிறது. துணைக்கு இருப்பவர் உடனே கேட்பார்: “உப்பு குறைஞ்சிருக்காமே, கொஞ்சம் உப்புத் தண்ணி கரைச்சுக் கொடுக்கட்டுமா?”

கூடாது. முதல் தவறும் இதுதான், பெரிய தவறும் இதுதான்.

சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மாரடைப்பில் அது இறங்குவது பெரும்பாலும் உப்பு போனதால் அல்ல, தண்ணீர் தேங்கியதால். இதயம் பம்ப் செய்யும் வலு தளர்ந்ததும், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதாக மூளை தப்புக்கணக்குப் போட்டு, வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அவிழ்த்துவிடுகிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. உப்பு இருக்கிறது, நீர்த்துப்போய்விட்டது, அவ்வளவுதான். இதில் உப்பை வேறு சேர்த்தால் இன்னும் தண்ணீர் தங்கும்; காலில் வீக்கம், நுரையீரலில் நீர், மூச்சுத்திணறல். வாந்தி, பேதியில் உப்பு நிஜமாகவே வெளியேறியிருந்தால் கதை வேறு. எது என்று பிரிப்பது மருத்துவரின் வேலை.

அடுத்தது, இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுப்பது. டாக்டர் அளவு சொல்லியிருந்தால், டீயும் சூப்பும்கூட அந்தக் கணக்கில்தான் வரும்.

‘உப்புதானே’ என்று அலட்சியமாக இருப்பதும் தப்பு. சேரும்போதோ முதல் சில நாட்களிலோ சோடியம் குறைந்திருப்பவர்களிடம் 30 நாட்களுக்குள் இறப்பும், பின்னாளில் இதயச் செயலிழப்பும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சோடியம் அளவை ஏற்றிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் இல்லை. இதயச் செயலிழப்பில் சேர்க்கப்பட்டவர்களுக்கு தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் டோல்வாப்டான் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. சோடியம் ஏறியது, இறப்பு குறையவில்லை. என் பார்வையில் சோடியம் குறைவது புகைதான், நெருப்பு இதயத்தில்.

“ஏன் இன்னும் ஏறல?” என்று நச்சரிக்கவும் வேண்டாம். நாட்பட்ட குறைவை 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையலாம்.

பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், அது சோடியம் குறைந்ததாலும் இருக்கலாம்; ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். தையசைடு வகை நீர் மாத்திரை போடுபவரா, சர்க்கரை எகிறியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுமே சோடியத்தை இறக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.