ஹூத்தான் மெலிந்தாங் பக்கம் மோட்டார் போட்டு (படகு) வாங்குகிறீர்களா? லைசென்ஸ் வேலையை இப்படித் தொடங்குங்கள்

செம்பனைத் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு ஃபைபர் போட்டும் பழைய இன்ஜினும் வாங்குவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஹூத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் வட்டாரத்தில் சாதாரணம். லைசென்ஸ் விவரம் தெரியாமல் வாங்கினால் அந்தப் பணம் கரையிலேயே முடங்கிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: எதற்காக, எந்தத் தண்ணீரில்?

கடலில் மீன் பிடித்து விற்கப் போகிறீர்கள் என்றால் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி பெரிக்கானான் (மீன்வளத் துறை) அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். குடும்பத்தோடு சுற்றவோ ஆளேற்றவோ என்றால் ஜாபாத்தான் லாவுட்டுக்கு (கடல்துறை இலாகா) போங்கள். ஒரு கவுண்டரின் வேலையை இன்னொரு கவுண்டர் செய்யாது.

ஆற்றில் மட்டும் மீன் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பில் ஆற்று மீன்பிடி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் பெர்ணம் ஆற்றுக்கு வடகரை பேராக், தென்கரை சிலாங்கூர். பேராக்கில் எடுத்த அனுமதி அக்கரைக்கும் செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு எங்கே முடிகிறது, கடல் விதி எங்கே தொடங்குகிறது என்பதை மாவட்ட பெரிக்கானான் அதிகாரியிடமே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டிய இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பழைய போட்டு என்றால் உஷார்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். போட்டு கைமாறினால் லைசென்ஸும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. மீன்பிடி லைசென்ஸ் கொடுக்கப்பட்டவருக்கே உரியது. துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை விற்பனைக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். விற்பவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். இதற்கு இழுத்தடிக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

புதுப் போட்டு கட்டுவதென்றாலும் அனுமதிதான் முதலில், பட்டறை அப்புறம்.

மூன்றாம் படி: இன்ஜின் நம்பரும் காகிதங்களும்

அவுட்போர்டு இன்ஜினைப் போட்டின் பின்பலகையில் கவ்விப் பிடிக்கிற பிடி இருக்கிறதல்லவா, அதில் ஒரு சின்னத் தகடு இருக்கும். சீரியல் நம்பர் அதில்தான். உப்பு படிந்தோ யாரோ மேலே சாயம் அடித்தோ மங்கிப் போயிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பதிந்த எழுத்துகள் தெரியும். எட்டா, 'பி' எழுத்தா என்பது வரை ரசீதோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் அந்த இன்ஜினைத் தொடாதீர்கள், திருட்டுச் சாமானாக இருக்கலாம்.

கூடவே ஐசி (அடையாள அட்டை) நகல், போட்டு வாங்கிய ரசீது, நாலா பக்கமும் எடுத்த படங்கள், மீட்டரில் அளந்த நீளம் அகலம் ஆழம், பழைய லைசென்ஸ் இருந்தால் அதுவும். எல்லாவற்றிலும் இரண்டு நகல் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சோதனையும் கட்டணமும்

அதிகாரி போட்டையும் இன்ஜினையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்பு ஜாக்கெட் தயாராக இருக்கட்டும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. போட்டின் அளவையும் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பொறுத்து மாறும். மீன்பிடிப் போட்டு என்றால் வலை, தூண்டில் போன்ற சாதனங்களையும் லைசென்ஸில் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தொகையை நம்பாமல், கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். பணத்தைக் கவுண்டரில் கட்டி அரசாங்க ரசீது வாங்குங்கள். இடைத்தரகருக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்கத் தேவையில்லை.

ஐந்தாம் படி: நம்பர் எழுதுவது

மீன்பிடிப் போட்டுக்குக் கிடைக்கும் பதிவு எண் பேராக்கில் 'பிகேஎஃப்' என்றும் சிலாங்கூரில் 'எஸ்எல்எஃப்' என்றும் தொடங்கும். அதைப் போட்டின் முன்பக்கம் இரு புறமும், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, அதிகாரி சொன்ன அளவில் எழுதுங்கள். சாயம் மங்கினால் உடனே புதுப்பியுங்கள்.

லைசென்ஸ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்குச் சில வாரங்கள் முன்பே புதுப்பிக்கப் போங்கள். மானிய எண்ணெய்க்கும் நெலாயான் (மீனவர்) உதவித்தொகைக்கும் முதலில் கேட்பது இந்த லைசென்ஸைத்தான். நடுவில் இன்ஜினை மாற்ற நினைத்தால், பழையதைக் கழற்றுவதற்கு முன்பே அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். லைசென்ஸில் ஒரு நம்பர், போட்டில் வேறு நம்பர் என்றிருந்தால் கடலில் சோதனை வரும்போது பதில் சொல்ல முடியாது.